பிள்ளைக்கு வருத்தம்

ஒரு சொல்லுக்கு மட்டும் முதலிலேயே அர்த்தம் சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், 'வருத்தம்' என்றால் நோய். நமக்கு அது மனக்கவலை. அன்றைக்கு எங்கள் தெருப் பெண்களில் ஒருத்திக்குக்கூட இது தெரியாது. நீங்களாவது தெரிந்துகொண்டு கேளுங்கள்.

புயல் வந்து பாம்பன் பாலத்தைப் பிய்த்துப் போட்ட மறுமாதம் அது. கடலுக்குள் விழுந்த இரும்பை எடுத்து மறுபடியும் பூட்டுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. ரயில் கிடையாது. பாலத்துக்கு அக்கரையில், மண்டபத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானாலும் வள்ளம்தான். தனுஷ்கோடியில் சொந்தக்காரரைப் பறிகொடுக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. அந்த நேரம் பார்த்து யார் கிளப்பிவிட்டார்களோ, தூண் நிற்க வேண்டுமானால் பிள்ளைப் பலி வேண்டுமாம், சாக்கும் கையுமாக ஆட்கள் அலைகிறார்களாம் என்று ஒரு பேச்சு. பள்ளிக்கூடத்துக்குக்கூட அனுப்பாமல் பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்து வைத்தோம்.

அந்த வாரம்தான் தெருக்கோடியில் சும்மா கிடந்த ஓட்டு வீட்டுக்கு ஒரு புருஷனும் பெஞ்சாதியும் வந்தார்கள். அவன் பாலத்தில் இரும்பு வேலை செய்கிறவன். விடிந்தும் விடியாமலும் ஒரு சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போவான். அவள் பெயர் நாகலெட்சுமி என்பதும், இலங்கையில் பிறந்தவள் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. அப்போது யாரும் கேட்கவில்லை. ஜன்னலில் சேலையைத் தொங்கவிட்டிருந்தாள். உள்ளே ஒரு ஆண் பிள்ளை, மூன்று வயது இருக்கும். அது விளையாட வெளியே வரவும் இல்லை, வாய்விட்டு அழவும் இல்லை.

எதிர்வீட்டு ஜெபமாலைதான் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"ஏடி லீமா, அவ கரிக்கட்டையாட்டம் இருக்கா. பிள்ளை முகம் செக்கச்செவேல்னு இருக்கு. அது அவ பெத்ததா?"

"அப்பனைக் கொண்டு பிறந்திருக்கும்," என்றேன் நான்.

"எந்த அப்பனை? சாக்கோட போறானே, அவனையா? அவளாச்சும் கரிக்கட்டை, அவன் கரிமூட்டைடி!"

நான் சிரித்துவிட்டேன். காய்ச்சலில் முகம் சிவக்கும் என்று நாலு பிள்ளை பெற்ற ஜெபமாலைக்குத் தெரியாதா, எனக்குத்தான் தெரியாதா? அந்த நேரம் அது நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் கிணற்றடியில் நானும் ஜெபமாலையும் மிக்கேலம்மாளும் அவளை மடக்கினோம்.

"ஏம்மா, பிள்ளையை வெளிய காணமே?"

"பிள்ளைக்கு வருத்தம், அக்கா," என்றாள். "ரெண்டு நாளாச் சரியான வருத்தம். ஒண்டும் சாப்பிடுறானில்லை."

"அப்படி என்ன வருத்தம்?"

"என்ன வருத்தமெண்டு எங்களுக்கும் தெரியேல்லை."

குடத்தை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள்.

"கேட்டியளா?" என்றாள் ஜெபமாலை. "பிள்ளைக்கு வருத்தமாம்! சோறு இறங்காம வருத்தப்படுதாம். மூணு வயசுப் பிள்ளைக்கு என்னடி வருத்தம்? பெத்தவளைத் தேடுது!"

மிக்கேலம்மாள், "மாதாவே!" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். என் மகளுக்கும் அப்போது மூன்று வயது. வீட்டுக்கு ஓடிப்போய் அவளைத் தூக்கியவள் பொழுது சாயும்வரை இறக்கிவிடவில்லை.

அதற்கு மறுநாள், வெயில் ஏறுகிற நேரம். ஆண்கள் கடலில் இருந்தார்கள். நாகலெட்சுமி பிள்ளையைத் தலையோடு போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் வேகமாக வந்தாள். வள்ளத்துறை அங்கேதான். பாலமும் அங்கேதான்.

"பாலத்துக்குத் தூக்கிட்டுப் போறாடி!"

ஜெபமாலை போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது.

"விடுங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போறன். பிள்ளைக்குக் காய்ச்சல், நெருப்பாக் கொதிக்குது!"

"நேத்து வருத்தம்னே, இன்னைக்குக் காய்ச்சலா? நாளைக்கு என்ன சொல்லுவ?"

"அதைத்தானே அக்கா நேற்றும் சொன்னனான்..."

"எந்த ஊருக்காரிடி நீ? பேச்சே ஒரு தினுசா இருக்கே!"

ஒருத்தியாவது அந்தப் போர்வைக்குள் கையை விட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அவளை நெட்டித் தள்ளிக்கொண்டு போய் அந்த வீட்டுக்குள்ளேயே விட்டோம். கதவை இழுத்துச் சாத்தி, நாதாங்கியில் விறகுக் குச்சியைச் செருகியது நான். ஆண்கள் வந்து போலீசுக்குச் சொல்லட்டும் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டோம்.

கொஞ்ச நேரம் கதவைத் தட்டினாள். பிறகு பிள்ளையோடு பேசுகிற சத்தம் மட்டும் வந்தது. "கண்ணைத் திறவுங்கோ ராசா. அம்மாவைப் பாருங்கோ."

"பெத்த பிள்ளையை எவளாச்சும் திறவுங்கோ, பாருங்கோம்பாளா?" என்றாள் ஜெபமாலை. "ஊரான் பிள்ளைன்னு அவ வாயாலயே வருது பாரு."

நாங்கள் தலையை ஆட்டினோம். அந்தப் பக்கத்தில் பெற்ற பிள்ளையையும் மரியாதை கொடுத்துத்தான் கூப்பிடுவார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியாது. வெயில் உச்சிக்கு வந்து இறங்கியது. உள்ளே பேச்சு நின்றுபோனது. தூங்கிவிட்டாள் என்றாள் மிக்கேலம்மாள்.

ஆண்கள் கரையேறும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. என் புருஷன் சந்தியாகு கல்யாணத்துக்கு முன்பு தலைமன்னாரில் ஒரு கடையில் மூன்று வருஷம் வேலை பார்த்தவர். அவர் வலையை இறக்குமுன் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அவ சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லு."

"பிள்ளைக்கு வருத்தம்னா."

"அடிப் பாவிகளா! இலங்கையில வருத்தம்னா சீக்குடி! எப்பப் பூட்டினிய?"

அவர் ஓடிப்போய்க் குச்சியைப் பிடுங்கி எறிந்தார். நாகலெட்சுமி எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், பிள்ளை மடியில். அதன் வயிறு விட்டுவிட்டு ஏறி இறங்கியது. நான் தூக்கக் கையை நீட்டினேன். அவள் பிள்ளையை மார்போடு மறைத்துக்கொண்டு இன்னும் சுவரோடு ஒட்டினாள்.

"பொம்பிளையள் எல்லாரும் வீட்டுக்குப் போங்கோ," என்றாள். "கதவைச் சாத்துங்கோ. அப்பத்தான் நான் வெளிய வருவன்."

போனோம். ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம் தெரு நெடுகக் கேட்டது. எல்லாம் அடங்கிய பிறகுதான், சந்தியாகு முன்னால் ஓட, அவள் பின்னால் ஓடுகிற காலடி என் வாசலைத் தாண்டிப் போனது.

என் வீட்டு ஜன்னலில் நின்றால் கடல் தெரியும். நீரோட்டம் எதிராக இழுத்தது. பாய் விரித்தும் வள்ளம் அங்குலம் அங்குலமாகத்தான் நகர்ந்தது. பாதிக் கடல் தாண்டியிருக்கும். பாய் தளர்ந்து இறங்கியது. வள்ளம் அங்கேயே கொஞ்ச நேரம் நின்று ஆடியது. பிறகு மெல்லத் திரும்பி இந்தப் பக்கம் பார்த்தது.

அவள் புருஷன் அப்போது பாலத்துத் தூண் மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தானாம். வள்ளத்தில் இருப்பது யாரென்று தெரியாமல், "ஏன் திரும்புறிய? யாருக்கு என்ன?" என்று வாயில் கையைக் குவித்துக் கத்திக் கேட்டானாம். வள்ளத்தில் இருந்த ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லையாம்.