ஒத்துக்கறேன் சாமி

ஜோஷ்வாவின் இடது காலில் ஷூ ஏறவில்லை. ஜெனிபர் நாடாவை முழுக்க உருவி எடுத்துவிட்டு மறுபடியும் தள்ளிப் பார்த்தாள். பாதம் வீங்கி, கணுக்கால் எலும்பே தெரியாமல் இருந்தது.

"வுட்டுடு. சாக்ஸோட போவட்டும்," என்றாள் அம்மா சின்னப்பொண்ணு. சவப்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, மகன் முகத்தில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தாள்.

ஜெனிபர் விடவில்லை. கத்தரிக்கோல் வாங்கி ஷூவின் பின்பக்கத்தை வெட்டினாள். காலை உள்ளே நுழைத்து, வெட்டு வெளியே தெரியாதபடி பேன்ட்டை இழுத்துவிட்டாள். ஈஸ்டருக்கு எடுத்த ஷூ. அன்றைக்கு ஒரு நாள்தான் போட்டான்.

தம்பிக்கு இருபத்தாறு வயது. தேர்வாய் கண்டிகையில் கார்களுக்கு ரப்பர் பாகம் செய்கிற ஜப்பான் கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டினான். நின்றுகொண்டே செய்கிற வேலை. ஆள் இல்லை, ஆள் இல்லை என்று அந்த வாரம் முழுக்க ஒரு ஷிப்டு முடிந்ததும் அடுத்த ஷிப்டிலும் நிற்க வைத்தார்கள். வீட்டுக்கு வந்தவன் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கினான். நேற்று மத்தியானம் லாக்கர் ரூமில் ஷூவைக் கழற்றக் குனிந்தான். நிமிரவில்லை.

அதே கம்பெனியில்தான் ஜெனிபரும் வேலை பார்த்தாள். சென்னைக்கு ரயிலில் போய்வந்து ஜப்பான் மொழி படித்தவள். அவர்கள் சொல்வதைத் தமிழில் சொல்வதும், இவர்கள் சொல்வதை ஜப்பானியத்தில் சொல்வதும் அவள் வேலை.

ஷிப்டு முடிந்து போகும்போது ஒவ்வொருவரும் மற்றவருக்கு 'ஒட்ஸுகரேசமா' சொல்ல வேண்டும் என்று கம்பெனியில் ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள். அதை எல்லோருக்கும் விளக்கிச் சொன்னது ஜெனிபர். களைத்துப் போயிருப்பீர்கள் என்று அர்த்தம். நீ பட்ட பாட்டை நான் பார்த்தேன் என்று தலை குனிந்து சொல்கிற மரியாதை. அவர்கள் நாட்டில் அதைச் சொல்லாமல் யாரும் வேலையிடத்தை விட்டுக் கிளம்புவதில்லை. அவள் விளக்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, லைனில் இருந்த பையன்கள் அதை 'ஒத்துக்கறேன் சாமி' ஆக்கிவிட்டார்கள்.

ஜோஷ்வா வீட்டுக்கும் அதைக் கொண்டுவந்தான். வாசலில் நின்று இடுப்பை வளைத்து, "ஒத்துக்கறேன் சாமி," என்றான். சின்னப்பொண்ணு முதுகில் ஒன்று வைத்தாள்.

"சாமின்றத என்னோட வுட்டாச்சுன்னுதான்டா உன்ன கம்பெனிக்கு அனுப்பிச்சேன்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் ஊரார் நிலத்தில் நாற்று நட்டவள். வரப்பில் யார் வந்து நின்றாலும் சாமிதான். கூலியைக் கை படாமல் தூக்கித்தான் போடுவார்கள்.

"இது ஜப்பான் சாமிம்மா," என்று சிரித்தான் ஜோஷ்வா. "நாம சொன்னா, அவனும் குனிஞ்சி நமக்கு சொல்லுவான்."

கம்பெனியிலிருந்து முதலில் வந்தவர் பார்த்திபன், எச்.ஆர். மேனேஜர். மாலையைப் பெட்டிமேல் வைத்து, கொஞ்சம் நின்றார். பிறகு ஜெனிபரைக் கண்ணால் கூப்பிட்டார். அவள் பந்தலுக்கு வெளியே போனாள்.

"மனச தேத்திக்கம்மா. ஒகுமுரா சார் வந்துகினு இருக்காரு. நீதான் அவராண்ட பேசணும்."

ஒகுமுரா பிளான்ட் தலைவர். ஜெனிபர் தலையாட்டினாள்.

"ஜோஷ்வாவுக்கு முன்னாடியே ஹார்ட் ப்ராப்ளம் இருந்துச்சு, கம்பெனிக்கு சொல்லலன்னு சொல்லிடு. நான் அப்படித்தான் எழுதி வெச்சிருக்கேன்."

"அவனுக்கு ஒண்ணியும் இல்லியே சார். வேலைக்கு சேரும்போது நீங்கதானே டெஸ்ட் எடுத்தீங்க."

"இருந்திருக்கும்மா. இல்லன்னா சின்னப் பையன் சும்மாவா வுழுவான்?" அவர் குரலைத் தணித்தார். "நீயும் நாளைக்கு அங்கதான் வேல பாக்கணும். யோசிச்சுப் பேசு."

ஒகுமுராவின் கார் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. வெயிலில் நடந்து வந்தார். கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, கழுத்துவரை வேர்வை. யாரும் சொல்லாமலே ஷூவைக் கழற்றிவிட்டுப் பந்தலுக்குள் வந்தார். பெட்டியின் முன் நின்று, கைகளைத் தொடையோடு ஒட்டவைத்து, இடுப்பை மடித்துக் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"எவ்ளோ பெரிய ஆளு, எப்படி மரியாத குடுக்கறாரு பாரு," என்றாள் பெரியம்மா.

ஒகுமுரா நிமிர்ந்தார். பெட்டிக்குள் பார்த்து, மெதுவாக, "ஜோஷ்வா-சான், ஒட்ஸுகரேசமா," என்றார்.

சின்னப்பொண்ணின் விசிறி நின்றது.

"இன்னாத்த ஒத்துக்கறாராம்?" என்று ஜெனிபரிடம் கேட்டாள்.

"அது இல்லம்மா. களைச்சிப் போயிட்டியேன்னு சொல்றாரு."

சின்னப்பொண்ணு அவரைக் காலிலிருந்து தலை வரைக்கும் பார்த்தாள். "எம்புள்ள களைச்சிப் போனது இப்பதான் தெரிஞ்சிதான்னு கேளு."

அம்மா என்ன சொல்கிறார் என்று ஒகுமுரா ஜப்பானியத்தில் கேட்டார். அவருக்குப் பின்னால் பார்த்திபன் நின்று, நெஞ்சில் கைவைத்துக் காட்டினார். ஹார்ட்.

ஜெனிபர் அம்மா கேட்டதைச் சொன்னாள். அதோடு நிறுத்தவில்லை. தம்பிக்கு எந்த நோயும் இருந்ததில்லை என்றாள். அந்த வாரம் அவன் எப்படி நின்றான், யார் நிற்கச் சொன்னார்கள், வேண்டாம் என்று அவன் சொன்னபோது லைன் சூப்பர்வைசர் என்ன சொன்னார், எல்லாவற்றையும் சொன்னாள். அந்த மொழியில் பெரியவர்களிடம் பேசுவதற்கென்று தனி மரியாதைச் சொற்கள் உண்டு. அவற்றில் ஒன்றுகூடக் குறையாமல் பேசினாள். கடைசியாக, "கரோஷி," என்றாள்.

வேலை செய்து செய்தே செத்துப்போவதற்கு அவர்கள் மொழியில் இருக்கிற சொல் அது. அந்தச் சொல்லோடு அங்கே குடும்பங்கள் கோர்ட் படி ஏறியிருக்கின்றன, சட்டம் வந்திருக்கிறது. ஒருமுறை காரில் போகும்போது ஒகுமுராவேதான் அவளிடம் சொன்னார். அவரோடு கல்லூரியில் படித்தவர் ஒருவர் அப்படிப் போனாராம். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இப்போது அவர் முகத்தில் ரத்தம் இல்லை. மறுபடியும் குனிந்தார், இந்த முறை ஜெனிபரை நோக்கி, முன்னைவிடத் தாழ்வாக. சுற்றி நின்றவர்களில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

"இன்னா சொன்ன?" பார்த்திபன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"கேட்டதுக்கு பதில் சொன்னேன் சார்."

ஒகுமுரா நிமிர்ந்தார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஜெனிபரைப் பார்க்காமல் பார்த்திபன் பக்கம் திரும்பினார்.

"ஹார்ட் ப்ராப்ளம்," என்றார், இங்கிலீஷில். "யுவர் ரிப்போர்ட் இஸ் ஓகே."

"எஸ் சார்," என்றார் பார்த்திபன்.

பார்த்திபனுக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஜெனிபர் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிப் பேப்பர் ஒட்டிய பலகை, உள்ளங்கையில் பிசுபிசுத்தது.

"இன்னாவாம்?" என்றாள் சின்னப்பொண்ணு.

"கெளம்பறாராம்மா."

அவர் வெளியே போய் ஷூ மாட்டிக்கொண்டார். பார்த்திபன் குடை பிடித்தார். காருக்குப் பக்கத்தில் நின்று, கோட்டுப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை ஒகுமுரா எடுத்தார். அதிலிருந்து வெள்ளையாக எதையோ விரலால் கிள்ளி, நெஞ்சில் தூவினார். தோளில் தூவினார். காலடியில் தூவினார். கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். டிரைவர் கதவைத் திறந்தபடி காத்திருந்தான். பந்தலிலிருந்து எல்லாம் தெரிந்தது.

"இன்னாது அது, தூவிக்கறாரு?" என்றாள் சின்னப்பொண்ணு.

"உப்பும்மா."

"இன்னாத்துக்கு?"

"சாவு ஊட்டுக்கு வந்தா, திரும்பிப் போறதுக்கு முன்ன தூவிக்குவாங்க. அவங்க ஊரு பழக்கம்."

"தீட்டா?"

ஜெனிபர் தலையசைத்தாள்.

சின்னப்பொண்ணு விசிறியைக் கையில் எடுத்தாள். மகன் முகத்துக்கு நேரே வந்த ஈயை ஓட்டினாள்.

"அங்கயும் இருக்குதா," என்றாள். கேள்விபோல இல்லை.

கார் பின்பக்கமாகப் போய்த் திரும்பி மறைந்தது. பாஸ்டர் வந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். பெண்கள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார்கள். கார் நின்ற இடத்தில், பக்கத்து வீட்டு ஆடு ஒன்று மண்ணை முகர்ந்து பார்த்து, நக்கத் தொடங்கியது.