தொலைந்த சங்கிலிகள் இரண்டு

ஈஸ்டர் திங்கள் காலையில் ஹங்கேரியில் எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் நனையாமல் தப்பிக்க முடியாது. ஆண்கள் வீடு வீடாக வருவார்கள். நாலு வரிப் பாட்டு ஒன்றைச் சொல்லி, தெளிக்கலாமா என்று கேட்டுவிட்டுத் தலையில் வாசனைத் தண்ணீர் தெளிப்பார்கள். பதிலுக்கு நாம் ஒரு சிவப்பு முட்டை கொடுக்க வேண்டும். பெண் என்பவள் பூச்செடியாம், தண்ணீர் விடாவிட்டால் வாடிவிடுவாளாம். நான் முப்பத்தாறு வயதுவரை வாடாமல் இருப்பதற்குத் தாங்கள்தான் காரணம் என்று ஸெகெட் நகரத்து ஆண்கள் மனதார நம்புகிறார்கள்.

1991-இல் எனக்கு இந்த விளையாட்டுக்கெல்லாம் நேரமில்லை. என் முதல் துப்பறியும் நாவலின் கடைசி அத்தியாயத்தை முடித்துக்கொண்டிருந்தேன். திஸா ஆற்றங்கரையில் இரண்டு பேர் ஒரு கார் ஷெட்டில் புதிதாக அச்சகம் தொடங்கியிருந்தார்கள். செவ்வாய் காலை டிஸ்க் கைக்கு வராவிட்டால் என் நாவலுக்குப் பதில் ராசிபலன் புத்தகம் அச்சேறும் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். கடைசி அத்தியாயத்துக்குக் கையெழுத்துப் பிரதியும் கிடையாது. யோசித்து யோசித்து நேராகக் கம்ப்யூட்டரிலேயே அடித்தது. அது போனால் புத்தகமே போயிற்று.

கம்ப்யூட்டர், நூலகம் கழித்துப் போட்டதை நான் தூக்கி வந்தது. அத்தியாயத்தை எழுதி முடித்து, சேமிக்கச் சொல்லி விசையைத் தட்டினேன். டிஸ்க் கரகரவென்று சுற்ற, சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் நாலாம் மாடி டிஹாமேர் வந்து சேர்ந்தார்.

டிஹாமேர் ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் இன்ஜினியர். ஐந்து வருடமாக ஒவ்வொரு ஈஸ்டருக்கும் வருவார், சின்னப் பிள்ளைகள் சொல்லும் இரண்டு வரியை முணுமுணுப்பார், காது சிவக்க முட்டையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அன்று வாசனைத் தண்ணீர் தீர்ந்துவிட்டதாம், அழுத்தினால் சோடா பீய்ச்சும் சிஃபோன் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். கதவைத் திறந்த என் தங்கை போக்லார்கா, "அக்கா உள்ளதான் இருக்கா, போய் நனைங்க இன்ஜினியர் சார்" என்று உசுப்பிவிட்டாள். மனுஷன் பின்னால் வந்து நின்று, பாட்டைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பதற்றத்தில் சிஃபோனை அழுத்திவிட்டார்.

கழுத்தில் பனிக்கட்டி மாதிரி சோடா பீய்ச்சியது. நான் துள்ளி எழுந்தேன், கால் வயரில் மாட்டியது, பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. திரை இருண்டது.

மறுபடி இயக்கிப் பார்த்தால், அத்தியாயத்தின் பெயர் இருந்தது. பக்கத்தில் அளவு பூஜ்யம் என்றிருந்தது.

என் வாயிலிருந்து என்னவெல்லாம் வந்தது என்று எழுதினால் இந்தக் கதையை யாரும் அச்சிட மாட்டார்கள். டிஹாமேர் மாடிக்கு ஓடினார். ஓடியே போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். அலுவலக டிஸ்க் ஒன்றோடு திரும்பி வந்தார்.

"இதுல கோப்பு சரிபார்க்கிற நிரல் இருக்கு. இந்த டிஸ்க்கைப் போட்டு மெஷினை எழுப்புவோம்."

எழுப்பினோம். திரையில் ஆங்கிலம் வரிசையாக வந்தது. நாங்கள் எல்லாரும் பள்ளியில் ரஷ்ய மொழி படித்தவர்கள். போக்லார்கா ஒரு கையில் அகராதியும் மறுகையில் பன்றித்தொடைத் துண்டுமாக வந்து மொழிபெயர்க்க ஆரம்பித்தாள்.

"பிழைகள் இருக்கு. திருத்தம் எழுதப்பட மாட்டாது. அக்கா, சரி பண்ண முடியாதுன்னு சொல்லுது."

"அப்படி இல்லீங்க," என்றார் டிஹாமேர். "கை வைக்கலாம்னு நான் இன்னும் அனுமதி கொடுக்கல. அதான், பாத்தேன், தொடலன்னு சொல்லுது."

"அடுத்த வரி. தொலைந்த துண்டுகள், இரண்டு சங்கிலியில். போச்சு, தொலைஞ்சே போச்சாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அவர் முன்னாலேயே அழுதேன்.

"அழாதீங்க எமெசே. நாடகக் கொட்டகையில கோட்டைக் குடுத்துட்டு டோக்கன் வாங்குறோம்ல? டோக்கன் தொலைஞ்சா கோட்டு எங்க போகும்? அங்கயேதான் தொங்கும். யாரோடதுன்னு அங்க இருக்கிறவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். எழுதிட்டிருக்கும்போதே கரண்ட் போனதால டோக்கன் போடல. உங்க அத்தியாயம் துண்டு துண்டா, சங்கிலி மாதிரி கோத்து, டிஸ்க்லதான் இருக்கு."

"இவ்வளவு பேசுவீங்களா நீங்க?" என்றாள் போக்லார்கா. அவர் காது சிவந்தது.

இந்தமுறை அனுமதி கொடுத்து நிரலை ஓட்டினார். சங்கிலிகளைக் கோப்புகளாக மாற்றவா என்று மெஷின் கேட்டது. ஆம் என்றால் Y, இல்லை என்றால் N.

"N மட்டும் வேண்டாம்," என்றார். "அடிச்சா அந்த இடத்தைக் காலின்னு எழுதிக்கும். அப்புறம் கடவுளே வந்தாலும் ஆகாது."

Y-ஐ அழுத்தினார். மெஷின் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டது. மறுபடி அழுத்தினார். மறுபடி கேட்டது. நெற்றி வியர்த்துவிட்டது மனுஷனுக்கு.

"ஆமாங்கிறதைக் காதுலயே வாங்கலையே. N-ஐ அடிச்சுப் பாப்போம், அதையாவது கேக்குதான்னு," என்று போக்லார்கா எண்ணெய் விரலை நீட்டினாள். நான் அந்தக் கையில் பளாரென்று ஒன்று வைத்தேன். தங்கையாக இருந்தாலும் சில நேரம் அடித்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது.

பிறகு திரையை உற்றுப் பார்த்தேன். அவர் Y-ஐ அழுத்தியபோதெல்லாம் திரையில் Z என்று விழுந்திருந்தது.

"இன்ஜினியர் சார், உங்க ஆபீஸ் விசைப்பலகை எப்படி?"

"இங்கிலீஷ் பலகைங்க."

"என்னோடது ஹங்கேரியப் பலகை. நம்ம பலகையில Y-யும் Z-உம் இடம் மாறி இருக்கும். என் டிஸ்க்கைப் போட்டு எழுப்பினா மெஷினுக்கு அது தெரியும். உங்க டிஸ்க்குக்குத் தெரியாது. இது இங்கிலீஷ் பலகைன்னு நினைச்சுட்டிருக்கு."

சிலுவைக் குறி போட்டுக்கொண்டு Z-ஐ அழுத்தினேன். திரையில் Y விழுந்தது. டிஸ்க் கரகரவென்று சுற்றியது. அந்தச் சத்தத்தைவிட இனிமையான சங்கீதத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

பூஜ்யங்களைப் பெயராகக் கொண்ட இரண்டு கோப்புகள் வந்திருந்தன. முதலாவதைத் திறந்தேன். என் அத்தியாயம். முதல் பக்கத்திலிருந்து ஓடி ஓடி, 'அப்படியானால் கொலைகாரன் வேறு யாருமல்ல, நம்முடைய' என்ற இடத்தில் அறுந்து நின்றது.

"யாருக்கா?" என்றாள் போக்லார்கா.

"புத்தகம் வாங்கிப் படி." மிச்சம் அரைப் பக்கம்தான், மனப்பாடமாக இருந்தது. சந்தோஷத்தில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். டிஹாமேரையும் பிடித்திருப்பேன், அவர் நாற்காலிக்குப் பின்னால் நகர்ந்துவிட்டார்.

"ஆமா, அந்த ரெண்டாவது கோட்டு யாரோடது?" என்று கேட்டேன்.

"அது ஏதாவது குப்பையா இருக்கும்," என்று அவசரமாகச் சொன்னார். நான் அத்தியாயத்தைச் சேமித்த டிஸ்க்கைப் போன குளிர்காலத்தில், காலியாக இருக்கிறது என்று சொல்லி எனக்குக் கொடுத்ததே அவர்தான். அதற்குள் போக்லார்கா கோப்பைத் திறந்து உரக்கப் படித்துவிட்டாள்.

'மூன்றாம் மாடியில் ஒரு பூச்செடி,
பச்சைச் சட்டை, தட்டச்சுச் சத்தம்.
வாடிவிடுமோ என்று நீர் கொண்டு வந்தேன்,
எமெசே, நான் தெளிக்கலா'

அதோடு நின்றிருந்தது. நான் என் பச்சைச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸ்ல அடிச்சேன்," என்றார் தரையைப் பார்த்து. "சேமிக்கும்போது மேனேஜர் உள்ள வந்துட்டார். டிஸ்க்கை உருவிட்டேன். போச்சுன்னு விட்டுட்டேன்."

"தொலைஞ்சதுன்னா போனதில்லன்னு இப்பதானே பாடம் எடுத்தீங்க," என்றாள் போக்லார்கா.

அவர் காதோடு கழுத்தும் சிவந்து, என்னைத் தாண்டிக் குனிந்து அந்தக் கோப்பை அழிக்கும் கட்டளையைத் தட்டினார். அழிக்கவா என்று மெஷின் கேட்டது. ஆம் என்றால் Y, இல்லை என்றால் N. படபடவென்று Y-ஐ அழுத்தினார். திரையில் Z விழுந்தது. மெஷின் மறுபடி கேட்டது. மறுபடி Y, மறுபடி Z. படித்த பாடத்தைப் பத்து நிமிடத்தில் மறந்த இன்ஜினியரை அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு வேறு ஏதோவும் வந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை: அவ்வளவு பிடித்துப்போயிற்று அந்த மனுஷனை.

அவர் கையை மெல்ல நகர்த்திவிட்டு N-ஐ அழுத்தினேன். அது எந்தப் பலகையிலும் அதே இடத்தில்தான் இருக்கும்.

பிறகு கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்தினேன். பிளக்கை நானே பிடுங்கினேன். டிஸ்க்கை உறையில் போட்டு அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். தட்டிலிருந்த முட்டைகளில் நல்ல சிவப்பாக ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். சிஃபோனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இப்ப சொல்லுங்க. கடைசி எழுத்து வரைக்கும்."