காதுக்கு எட்டாத கீபோர்டு

கீபோர்டு வாங்கியே தீருவது என்று முடிவு செய்தது விருத்தகிரி இல்லை, அவன் பெண்டாட்டி அன்புக்கரசி. அவளுக்குப் பாட்டும் தெரியாது, கூத்தும் தெரியாது. ஒரு பாட்டை முழுசாகப் பாடச் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாள். ஆனாலும் அந்தத் தீபாவளி நேரத்தில் விருத்தாசலத்தில் அவளைவிடக் கீபோர்டைப் பற்றி அதிகம் பேசிய ஆள் கிடையாது. செராமிக் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற வேலை அவளுக்கு. கையில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டே பக்கத்தில் இருக்கும் அமிர்தத்திடம் ஆரம்பித்துவிடுவாள்.

"மெதுவா அழுத்துனா மெதுவா கேக்கணுமாம் அமிர்தம், ஓங்கி அழுத்துனா ஓங்கிக் கேக்கணுமாம். அது இல்லன்னா வெறும் வெளையாட்டுச் சாமானாம்."

"தாயே, மொதல்ல அந்தப் பொம்மைக்கு ரெண்டாவது கண்ண வையி. ஒத்தக் கண்ணோட முழிக்குது பாரு" என்பாள் அமிர்தம்.

எல்லாம் பெண்ணாடத்துப் பக்கம், அவள் பிறந்த ஊர்த் திருவிழாவில் வந்த வினை. அர்ச்சுனன் என்பவருடைய ஆர்கெஸ்ட்ரா வந்திருந்தது. பாடுகிற பெண் சோடா குடிக்கப் போன நேரத்தில், கூட்டம் கலையாமல் இருக்கட்டும் என்று கீபோர்டுக்காரன் தனியாக வாசித்தான். ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் இருந்த சின்னச் சக்கரத்தை இடது கையால் லேசாகத் தள்ளினான். அந்தச் சத்தம் வளைந்தது. அழப் போகிற குழந்தை உதட்டைப் பிதுக்குமே, அந்த மாதிரி. பொரி தின்றுகொண்டிருந்த அன்புக்கரசி மெல்லுவதை நிறுத்திவிட்டாள். மறு வருஷம் அதே ஆளின் போட்டோ வரனாக வந்தபோது, நிலம் உண்டா, வேலை உண்டா என்று ஒன்றும் கேட்காமல் "இவரே போதும்" என்றுவிட்டாள்.

போதும் என்றவளுக்குக் கிடைத்தது என்ன? கல்யாணமான கையோடு ஊரெங்கும் டிஜே வந்து உட்கார்ந்துகொண்டது. அர்ச்சுனன் சாமான்களை மொத்தமாக விற்றுத் தள்ளிவிட்டார். கீபோர்டு அவருடையது, அதுவும் போனது. விருத்தகிரி பீங்கான் ஃபியூஸ் கட்டை அடிக்கிற பிரஸ்ஸில் கைப்பிடி இழுக்கப் போனான். ஒரு வார்த்தை புலம்பவில்லை. புலம்பியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு ஆத்திரமாக வரும். டிவியில் பாட்டு வந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். நல்ல மனுஷன்தான், ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மேடையில் நின்ற ஆளைத்தான் அவள் கட்டிக்கொண்டாள். அந்த ஆள் இன்னும் வூடு வந்து சேரவில்லை. கனிஷ்கா பிறந்து, வளர்ந்து, காலேஜுக்கும் போய்விட்டாள். அப்பவும் அவளுக்கு அந்த ஏக்கம் அடங்கவில்லை.

போனஸும் வந்து சீட்டும் விழுந்ததும், முப்பதாயிரத்துக்குள் ஒரு கீபோர்டு என்று மகளைப் பிடித்துக்கொண்டாள். கனிஷ்கா போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்துவிட்டு வந்து விளக்கினாள்.

"இந்தக் காசுக்கு ரெண்டு வகை இருக்குதும்மா. ஒண்ணுல தாளமெல்லாம் அதுவே போட்டுக்கும், நாம சும்மா வெரல வச்சா போதும். இன்னொண்ணு ஸிந்த். அதுல தாளமெல்லாம் கெடையாது. ஆனா சத்தத்தையே நாம இஷ்டத்துக்குத் திருவி உண்டாக்கிக்கலாம்."

"சட்டியா வாங்குறதா, மண்ணா வாங்கி நாமளே வனையிறதான்னு கேக்குற."

"அதேதாம்மா."

விருத்தகிரிதான் பிடிகொடுக்கவில்லை. "இந்த வயசுல எனக்கு என்னாத்துக்குப் புள்ள அதெல்லாம்?" என்றான்.

"வாங்கப் போறது நானு. நீங்க கூட வந்து நில்லுங்க, அது போதும்" என்று வாயை அடைத்துவிட்டாள்.

பாண்டிச்சேரிக் கடையில் விற்பனைப் பையன் தாளம் போடுகிற வகையைத்தான் முதலில் காட்டினான். ஒரு விரலை வைத்ததும் ஒரு கல்யாண பேண்டே கிளம்பியது. விலையும் பட்ஜெட்டுக்குள் அடங்கியது. அன்புக்கரசிக்குப் பாதி மனசு அதில் விழுந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் புருஷனைக் காணோம். அவன் மூலையில் ஒரு கறுப்புக் கீபோர்டு முன்னால் நின்றிருந்தான். வலது கையில் ஒரே ஒரு விரல். இடது கை சக்கரத்தின் மேல். மெல்லத் தள்ளினான். சுவரில் மாட்டியிருந்த பொட்டியிலிருந்து அந்தச் சத்தம் வளைந்து வந்தது.

அவ்வளவுதான். நட்டநடுக் கடையில் அன்புக்கரசிக்குக் கண் தளும்பிவிட்டது. "இதான் வேணும்" என்றாள்.

"அக்கா, அதுல தாளம் வராதுங்க" என்றான் பையன். "சார், வீட்ல ஆம்ப் இருக்குதுங்களா?"

"இருக்குது" என்றான் விருத்தகிரி, தலையை நிமிர்த்தாமல்.

ஆம்ப் என்றால் ஏதோ ஒயர், பிளக் சமாச்சாரம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வேறென்ன நினைப்பாள்? திருவிழாவில் மைக் செட்டுக்காரன் ஆளுயரப் பொட்டிகளை அடுக்கி வைத்திருப்பான். பாட்டுக்காரியின் குரல், தபேலா, கீபோர்டு எல்லாம் அதற்குள்ளிருந்துதான் வரும். எது தனக்கென்று வாய் உள்ளது, எது இல்லாதது என்று கீழே நின்று கேட்கிறவளுக்கு எப்படித் தெரியும்? கடைக்காரர்கள் ஒரு ஹெட்போனை இலவசமாகக் கொடுத்தார்கள். லாபம் என்று வாங்கிக்கொண்டாள்.

வூட்டுக்கு வந்ததும் கீபோர்டின் ஓரத்தில் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். விருத்தகிரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். விரல்கள் ஓடின. டக், டக், டக் என்று கீ இறங்கி ஏறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏங்க, சத்தத்தத் தொறந்து வுடுங்க."

அவனுக்கு எங்கே கேட்கிறது? கனிஷ்காதான் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுல ஸ்பீக்கரே இல்லம்மா. ஆம்ப்புன்னு ஒரு பொட்டியத் தனியா வாங்கி மாட்டணும்" என்றாள்.

"அடப்பாவி! ஏமாத்திப்புட்டானே கடைக்காரன்!" என்று குதித்தாள் அன்புக்கரசி. விருத்தகிரி ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தி, "வுடு புள்ள. அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டான்.

அந்த அப்புறம் வரவேயில்லை. வேலைவிட்டு வந்து குளித்துவிட்டு அவன் உட்கார்ந்துவிடுவான். தனக்குத்தானே சிரிப்பான், முகம் சுளிப்பான், தலையை ஆட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவான். அவள் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். முன்பாவது அவன் வாசிக்காமல் இருந்தான், இல்லாததற்கு ஏங்கினாள். இப்போது நாலடி தூரத்தில் வாசிக்கிறான், ஒரு துளி அவள் காதில் விழவில்லை. பசித்தவளை உட்காரவைத்து, மூடிய பாத்திரத்தை எதிரே வைத்த கதைதான். சில நாள் சோறு இறங்காது அவளுக்கு.

பொறுத்துப் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மைக் செட் வைத்திருக்கிற கருப்பனிடம் கேட்டு, சின்னப் பொட்டி ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். அதைப் பார்த்ததும் விருத்தகிரியின் முகம் கறுத்தது.

"யாரக் கேட்டு இத எடுத்தாந்த?"

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "எம் புருஷன் வாசிக்கிறத நான் கேக்கணும், அதுக்கு யாரக் கேக்கணும்? கடையில ஆம்ப் இருக்குதுன்னு சொன்னீங்களே, எங்க இருக்குது? காட்டுங்க பாப்போம்!"

அவன் பொட்டியைச் சுவரோரமாகத் தள்ளிவைத்தான். அப்புறம், "வாய் இல்லாததுன்னு தெரிஞ்சுதான் எடுத்தேன்" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. அவன் இரண்டு கையையும் அவள் முன் விரித்துக் காட்டினான். "பிரஸ்ஸுக் கைப்பிடிய இழுத்து இழுத்து இதுங்க மரத்துப் போச்சு அரசி. சுண்டு வெரலு நான் சொல்ற எடத்துக்குப் போவ மாட்டேங்குது. நான் வாசிக்கிறது எனக்கே சகிக்கல. நீ அன்னைக்குக் கேட்டத இன்னும் காதுக்குள்ளயே வச்சிருக்க. அந்த ஒண்ண நம்பித்தான் என்னைக் கட்டிக்கிட்ட. அதையும் நானே கெடுத்துட்டா, அப்புறம் எங்கிட்ட உனக்கு என்ன இருக்குது?"

அவனை ஓர் அறை விடலாமா என்றிருந்தது அன்புக்கரசிக்கு. கட்டிக்கொண்டு அழலாமா என்றும் இருந்தது. இத்தனை வருஷமும் ஏங்கியது தான் ஒருத்தி மட்டும்தான் என்றல்லவா அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்! இவனும் இதே வூட்டுக்குள் அந்த மேடை ஆளைத் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். ஹெட்போனை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டாள்.

"வாசிங்க."

"வேணாம் அரசி."

"வாசிங்கன்னா!"

அவன் வாசித்தான். நிஜமாகவே சகிக்கவில்லை. ஒரு விரல் போய் இரண்டு கீயை அமுக்கியது. வேகமாகப் போக வேண்டிய இடத்தில் கை தடுக்கி விழுந்தது. சக்கரத்தைத் தள்ளினான், சத்தம் வளைய வேண்டிய இடத்தைத் தாண்டி எங்கோ போய் நின்றது. பெண்ணாடத்தில் கேட்டது இது இல்லை. அது இனிமேல் வராது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அத்தனை வருஷ ஏக்கமும் ஒரு நொடியில் இருக்க இடமில்லாமல் போனது போலிருந்தது. கண்ணில் நீர் நிற்காமல் வழிந்தது.

அதைப் பார்த்து அவன் கையை எடுத்துவிட்டான். "எப்படி இருக்குது?" என்று உதட்டசைவில் கேட்டான்.

காதை அடைத்துக்கொண்டு பேசுகிறவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியாது.

"ரொம்ப மோசமா இருக்குதுங்க!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள் அன்புக்கரசி. "நிறுத்தாதீங்க!"