கீழ்வீடு சண்டைக்கு வரவில்லை

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. ஒரு வார இதழின் பெண்கள் இணைப்பிதழிலிருந்து உதவி ஆசிரியை போன் செய்தார். "பெண்களுக்கு வர்ற மனச்சோர்வை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு இடது பக்கம் டாக்டர் கட்டுரை வருது மேடம். வலது பக்கம் உங்க கதை. பெண் மனசை உங்களைவிட யாரு எழுதிடப் போறாங்க?" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் இரண்டாவது புத்தகத்தின் பின்னட்டையிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது: பெண் மனத்தின் ஆழம் அறிந்தவர். அதை எழுதிக் கொடுத்ததும் நான்தான். பதிப்பாளருக்கு நேரம் இல்லை.

சரி என்று ஒப்புக்கொண்டேன். அன்றைய கணக்குப்படி என் சொந்தத் தங்கை யாரோடும் சண்டை போட்டு ஏழு வாரம் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்து, சந்தோஷமாக இருந்தேன்.

2

முதல் தொடக்கம்: "வெளியே மழை. அவள் ஜன்னலோரம் அமர்ந்து, நெற்றியில் கைவைத்து"

[நிறுத்திவிட்டேன். கட்டுரைக்குப் போடப்போகும் படத்தை உதவி ஆசிரியை அனுப்பியிருந்தார். அதிலும் ஜன்னல், அதிலும் நெற்றி, அதிலும் கை. ஜன்னலோரம் உட்கார நேரம் கிடைத்த பெண்ணை நான் இதுவரை ஓவியத்தில்தான் பார்த்திருக்கிறேன்.]

இரண்டாவது: "காரணமே இல்லாமல் அவள் அழுதாள். அழுகை அவளை"

[அழுகை அவளை என்ன செய்தது என்று எனக்குத் தெரியவில்லை. பத்து நிமிடம் யோசித்தும் தெரியவில்லை.]

மூன்றாவது: "என் தங்கை கார் ஓட்டக் கற்றுத்தருகிறாள்."

இது நின்றது. காரணம், இது உண்மை.

பயிற்சிக் காரில் கற்றுத்தருகிறவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். பன்னிரண்டு வருடமாக என் தங்கையின் கால் அதன் மேலேயேதான் இருந்தது. அவளுக்கு 'பிரேக் மேடம்' என்று பெயர். காலைவிட வாய் வேகம். "கண்ணாடி எதுக்கு இருக்கு, உங்க அழகைப் பாக்கவா? பின்னாடி வர்றவனைப் பாருங்க. ரோடு என்ன உங்க மாமனார் எழுதி வெச்சதா?" என்பாள். பெரிய பெரிய அதிகாரிகள் எல்லாம் அவள் காரிலிருந்து காது சிவந்து இறங்கியிருக்கிறார்கள். அதே கையோடு லைசென்சும் வாங்கியிருக்கிறார்கள்.

3

கதைக்கு எதிரி வேண்டும். என் தங்கைக்கு ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள், அவளுடைய ஓரகத்தி.*

* கணவனின் அண்ணன் மனைவி. இந்த உறவுக்கென்று தனியாக ஒரு சொல்லைச் செய்து வைத்திருக்கும் மொழி, சண்டையையும் சேர்த்து எதிர்பார்த்துத்தான் செய்திருக்க வேண்டும்.

ஒரே வீடு, இரண்டு தளம். மேலே அவள், கீழே இவள். பதினான்கு வருடத்தில் ஒருவர் பெயரை மற்றவர் சொன்னதில்லை. இவளுக்கு அவள் 'மாடி'. அவளுக்கு இவள் 'கீழ்வீடு'. "மாடி ஆரம்பிச்சிடுச்சு" என்பாள் என் தங்கை, ஏதோ குழாய் ஒழுகுவதைப் பற்றிச் சொல்கிற மாதிரி. பின்பக்கத்தில் நான்கு துணிக்கொடிகள் இருந்தன. ஆளுக்கு இரண்டு. மூன்றாவது கொடி யாருடையது என்பதில் இன்றுவரை முடிவில்லை. மாடிப்படி கழுவுவது வாரம் ஒருவர் முறை. செருப்பு எந்தப் படிவரை வைக்கலாம் என்பதற்கு எழுதப்படாத எல்லை ஒன்று உண்டு, அதை இருவரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். நான் போகும்போதெல்லாம் அன்றைய சண்டையை என் தங்கை ஏற்ற இறக்கத்தோடு நடித்துக் காட்டுவாள். நான் காதைப் பொத்திக்கொண்டு, "உனக்குக் கொஞ்சம் பக்குவம் வரக் கூடாதா?" என்பேன்.

வந்தது. ஏதோ ஒரு மாதத்தில், எந்த அறிவிப்பும் இல்லாமல், பக்குவம் வந்தது. எதைச் சொன்னாலும் "சரி" என்றாள். சண்டைக்கதை நின்றது. போனில் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. எனக்கு எழுத நிறைய நேரம் கிடைத்தது.

4

உதவி ஆசிரியை மறுபடி அழைத்தார்.

"கேரக்டருக்குக் காரணம் என்ன மேடம்? புருஷன் குடிப்பாரா?"

"இல்லை."

"அடிப்பாரா?"

"அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். மனுஷர் சாயங்காலம் வந்தா டீ போட்டுக் குடுப்பார்."

"குழந்தை இல்லையோ?"

"ஒரு பொண்ணு. நல்லாப் படிக்கிறா."

"அப்புறம் எதுக்கு மேடம் மனச்சோர்வு?"

எனக்கும் அதே சந்தேகம் இருந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். கணவரைக் கொஞ்சம் கெட்டவராக்கிப் பார்த்தேன். [அவர் தட்டை விசிறியடித்தார். தட்டு அவருடைய] வரவில்லை. அவர் செய்த குற்றம் எல்லாம் ஒன்றுதான். "இப்பத்தான் வீடு வீடா இருக்கு, அக்கா" என்று என்னிடம் சொன்னார். அதற்கு நானும் தலையாட்டினேன். ஆகவே அவரை வில்லனாக்கினால் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும்.

5

மூன்றாவது தொடக்கத்தோடு கதை முட்டிக்கொண்டு நின்ற ஒரு காலையில், பதினோரு மணிக்கு, மாடி என் வீட்டுக்கு வந்தாள். பதினான்கு வருடத்தில் முதல்முறை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். தண்ணீரைக் கையில் வாங்கிக் குடிக்காமல் வைத்துக்கொண்டாள்.

"உங்க தங்கச்சிக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றாள்.

ஜெயித்ததைச் சொல்லிக்காட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "அவளுக்கு இப்போ பக்குவம் வந்திருக்கு" என்றேன், பக்குவம் என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தி.

"பக்குவமா?" என்றாள். "மூணாவது கொடியில என் போர்வையைப் போட்டேன்க்கா. அவ சண்டைக்கு வரலை. சரி, பாக்கலைன்னு நினைச்சேன். மறுநாள் நாலு கொடியிலயும் போட்டேன். அவ துணிய எடுத்துட்டுப் போய் உள்ள நாற்காலி மேல காயவெச்சா. என் முறைக்கு மூணு வாரம் படி கழுவலை. அவளே கழுவினா. செருப்பை அவ வாசல்லயே கழட்டிப் போட்டேன். திரும்பி வந்து பாக்குறேன், ஜோடி சேத்து அடுக்கி வெச்சிருக்கா."

"நல்லதுதானே?"

"மொதல்ல எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சிரிச்சேன். மூணாவது வாரம் பயமாயிடுச்சு." தண்ணீரைக் கீழே வைத்தாள். "அவ மெலிஞ்சுட்டா. நீங்க பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. ஆனால் தோற்பது எனக்குப் பிடிக்காது. போனை எடுத்து, டிரைவிங் ஸ்கூலின் பக்கத்தைத் திறந்து நீட்டினேன். முதலாளி பெருமையாக மேலே ஒட்டி வைத்திருந்த, ஒரு மாணவி எழுதிய பாராட்டு அது. நான் அதை ஏற்கெனவே நாலு பேருக்கு அனுப்பியிருந்தேன். மாடி எழுத்துக்கூட்டி, சத்தமாக வாசித்தாள்.

"முன்பு மேடம் மிகவும் திட்டுவார். இப்போது ஒரு வார்த்தை கிடையாது. நேற்று சிவப்பு விளக்கைத் தாண்டி ஓட்டிவிட்டேன். எதிரே லாரி. அப்போதும் மேடம் கோபப்படவே இல்லை. ஐந்து நட்சத்திரம்."

போனைத் திருப்பித் தந்தாள். "அக்கா," என்றாள், "சிவப்பு விளக்கு."

6

[இங்கே 'எனக்குத் தூக்கிவாரிப் போட்டது' என்று எழுதி அடித்தேன். எனக்கு முதலில் வந்தது கோபம். இவள் எப்படி எனக்கு முந்திக்கொண்டாள் என்ற கோபம். அதற்குப் பிறகுதான் பயம்.]

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கதையின் முதல் முழுப்பிரதியில் மாடி இல்லை. அந்தப் பிரதியில் எழுத்தாளர் அக்கா ஒரு மாலை தங்கையின் கண்களைப் பார்க்கிறாள், எல்லாம் புரிந்துவிடுகிறது, இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். படிக்க நன்றாகவே இருந்தது. கூசாமல் அப்படி எழுதியிருந்தேன்.

டாக்டரிடம் போகலாமா என்று கேட்டோம். "சரி" என்றாள் தங்கை. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். எந்த டாக்டர், எதற்கு என்று கேட்கவில்லை.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். தூக்கம், பசி, வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "நல்லா இருக்கேன்" என்பதையே தங்கை மூன்று விதமாகச் சொன்னாள். டாக்டர் எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"அக்கா" என்றேன்.

"நீங்க?"

"எனக்கும் இவளுக்கும் ஆகாதுங்க" என்றாள் மாடி.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். "அப்ப நீங்க சொல்லுங்க."

மாடி சொன்னாள். கொடி, படி, செருப்பு, எல்லாம் தேதி வாரியாக. எவ்வளவு நாளாகச் சாப்பாட்டு வாசனை கீழேயிருந்து வரவில்லை, எத்தனை மணிக்கு எழுந்து கதவைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்கிறாள், எல்லாம். ஒருவரைப் பதினான்கு வருடம் குறை கண்டுபிடிப்பதற்காகவே கவனித்தால் எவ்வளவு தெரியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். என்னிடம் சொல்ல இருந்தது ஒன்றுதான், அந்தப் பாராட்டு.

டாக்டர் அதை வாசித்துவிட்டுத் தங்கையிடம் மெதுவாகக் கேட்டார். "சிவப்பு விளக்கை நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பிரேக் போடலையா?"

"கடைசியில போட்டேன். போடணும்னு தெரிஞ்சுது. காலு அங்கதான் இருந்துச்சு. அழுத்தி என்ன ஆகப்போகுதுன்னு இருந்துச்சு. அப்புறம் அந்தப் பொண்ணு ஓட்டிட்டிருக்காளேன்னு ஞாபகம் வந்துச்சு, அழுத்தினேன்."

டாக்டர் எங்களை வெளியே இருக்கச் சொன்னார். அதற்கப்புறம் உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பெண் மனத்தின் ஆழம் அறிந்தவர் அரை மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். மாடி கைக்குட்டை கொடுத்தாள். அவளும் அழுதாள். "சனியன் புடிச்சவ, சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

7

முடிவுகள்.

(அ) ஆறு வாரம் கழித்து ஒரு காலையில், மூன்றாவது கொடியிலிருந்த போர்வையைத் தங்கை உருவிக் கீழே எறிகிறாள். மேலேயிருந்து மாடி வரிந்துகட்டிக்கொண்டு இறங்கி வருகிறாள். கண்ணீர், சிரிப்பு. [உதவி ஆசிரியைக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் நடக்கவில்லை.]

(ஆ) [இரண்டு வரி எழுதினேன். அது என்ன முடிவு என்று உங்களுக்கே தெரியும். அதை எழுத என் கை எப்படித் துணிந்தது என்று இன்னும் எனக்கு ஆறவில்லை. கிழித்துவிட்டேன்.]

(இ) நடந்தது. மாத்திரை சாப்பிடுகிறாள். மருந்து பிடிக்க வாரக்கணக்காகும், பொறுமையாக இருங்கள் என்றார் டாக்டர். பொறுமை என்ற சொல்லைக் கேட்டதும் மாடி முகம் சுளித்தாள். தங்கையை ஸ்கூலில் காரிலிருந்து இறக்கி, அலுவலகத்தில் விண்ணப்பம் நிரப்ப உட்காரவைத்திருக்கிறார்கள். முதலாளி அந்தப் பாராட்டை எடுக்க மனமில்லாமல்தான் எடுத்தார். கணவர் டீயோடு கூட உட்கார்ந்து அவள் குடிக்கிறாளா என்று பார்க்கிறார். மாடி தினமும் கீழே வந்து, படியில் உட்கார்ந்து, தனியாளாகச் சண்டை போடுகிறாள். "அந்தக் கொடி என்னுதுதான். நீ என்ன சொல்றே?" என்கிறாள். தங்கை "சரி" என்கிறாள். "சரியாவது மண்ணாவது" என்று திட்டிவிட்டு, மறுநாளும் வருகிறாள்.

8

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டுபோய்த் தங்கைக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன்.

"இதைப் போடலாமா?"

"சரி."

"டாக்டர் ரூம்ல நீ சொன்னதும் இருக்கு."

"சரிக்கா."

"எல்லாரும் படிப்பாங்க. உன் ஸ்டூடண்ட்ஸ் படிப்பாங்க."

"சரி."

பல வருடம் முன்னால், என் கதை ஒன்றில் வந்த பெண் 'என் மூஞ்சி மாதிரியே' இருக்கிறாள் என்று நாலு மாதம் என்னோடு பேசாமலிருந்தவள் இவள். அந்தக் கதை வந்த இதழை வாங்கி, தபாலில் எனக்கே திருப்பி அனுப்பியவள். இப்போது சொல்கிற சரியை அவளுடைய சம்மதம் என்று எடுத்துக்கொள்வது, அந்தச் சிவப்பு விளக்குக்கு ஐந்து நட்சத்திரம் போட்டதைவிட மோசம். கதை கிடையாது என்று உதவி ஆசிரியையிடம் நேரில் போய்ச் சொன்னேன். "அவங்களே சரின்னுட்டாங்களே மேடம்" என்றார். டாக்டர் கட்டுரையின் முதல் பிரதி அவர் மேஜையிலேயே இருந்தது. அவர் அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

ஆகவே, வாசிக்கிறவரே, கணக்கு இப்படி நிற்கிறது. அவள் எதற்கும் சரி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறவரை இதை அச்சில் போடக் கூடாது. முடியாது என்று சொல்லிவிட்டால் போடவே கூடாது. ஆனாலும் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்று, அவள் தேறி, வரி வரியாக அடித்து, என்னைக் கிழிகிழி என்று கிழித்து, மீதியைப் போட்டுத் தொலை என்று கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால், நான் பொறுக்க முடியாமல் அனுப்பியிருக்க வேண்டும். என்னை இத்தனை பக்கம் பார்த்திருக்கிறீர்கள், இரண்டாவதும் நடக்கக்கூடியதுதான். எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் எதற்காகக் காத்திருக்கிறேன் என்பதை மட்டும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு போய் மறுபடி கேட்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் இதை என் கையிலிருந்து பிடுங்க வேண்டும். "யாரைக் கேட்டு என்னைப் பத்தி எழுதினே?" என்று கேட்க வேண்டும்.