காலையில் கொடுத்த சாவி

கடிகாரக் கடை இருந்த அந்தக் கட்டடத்தில் லிப்ட் வேலை செய்யவில்லை. வேறொரு நாளாக இருந்தால் அவன் மோட்டார் அறையைத் திறந்து ஒரு பார்வை பார்க்காமல் நகர்ந்திருக்க மாட்டான். இருபத்தெட்டு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? இன்றைக்கு எவர்சில்வர் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக மூன்றாவது மாடிக்கு ஏறினான். ஒரு காலத்தில் ஊசிகளைக் கொதிக்க வைத்த டப்பா அது. உள்ளே பஞ்சுக்கு நடுவில் அக்காவின் ஏழு கைக்கடிகாரங்கள் இருந்தன.

சாயங்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் காலையிலேயே சொல்லியிருந்தார். அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இப்போது அவள் படுத்திருக்கிற அதே ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் முப்பத்தைந்து வருஷம் நர்ஸாக இருந்தவளிடம் யார் எதை மறைப்பது? அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"டேய் லிப்டு, இதுங்களைக் கொண்டு போய் விலை கேட்டுட்டு வா. நான் ஜெயிச்சேனா, நீ ஜெயிச்சியான்னு தெரியாமப் போகக் கூடாது."

வாங்கிய முதல் கடிகாரத்திலிருந்து நடக்கிற சண்டை அது. கல்யாணம் வேண்டாம் என்று தம்பி வீட்டு மாடி அறையிலேயே இருந்துவிட்ட அக்கா, நகை வாங்கவில்லை, புடவை வாங்கவில்லை. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை, பேட்டரி இல்லாத, சாவி கொடுத்தால் ஓடுகிற கடிகாரம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நிற்பாள். இவன் குதிப்பான். அந்தக் காசுக்கு ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கலாம் என்பான். "இது செலவு இல்லடா, முதலீடு" என்று அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். முதலீடு என்று சொல்லிவிட்டால் மேலே என்ன பேசுவது? வாயில் பூட்டு போட்ட மாதிரி ஆகிவிடும் அவனுக்கு. ஆனால் மனசு ஆறாது. தோற்றுக்கொண்டே வருகிற ஆட்டம் என்றைக்காவது திரும்பாதா என்று காத்திருந்தான்.

கடிகாரக்காரர் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு டப்பாவைத் திறந்தார். திறந்ததும் நிமிர்ந்து இவனைப் பார்த்தார்.

"நீங்கதான் லிப்ட் தம்பியா?"

அவன் ஆமாம் என்றான். அக்கா எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்டார். சொன்னான். அவர் வரிசையாக ஏழையும் எடுத்து ஒரு துணிமேல் வைத்தார்.

ஆறைப் பற்றிச் சொல்ல ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை. எல்லாம் நல்ல கடிகாரம்தான், ஆனால் விலை ஏறுகிற ஜாதி இல்லை என்றார். நூறு வாங்கினால் இரண்டுதான் ஏறும், அந்த இரண்டு எது என்று வாங்கும்போது கடவுளுக்கே தெரியாது. நடுவில் பிரித்து எண்ணெய் போட்ட செலவே வாங்கிய விலையில் பாதி வந்திருக்கும். இதே பணம் பேங்கில் தூங்கியிருந்தால் மூன்று மடங்கு ஆகியிருக்கும். இத்தனை வருஷமாக இவன் காதுகுளிரக் கேட்க நினைத்த வார்த்தைகள் அத்தனையையும் ஒருவர் ஒப்பித்துக்கொண்டிருந்தார். பாழாய்ப்போன மனசு, அதில் துளி இனிப்புகூட இல்லை.

"இது மட்டும் ஏறின ஜாதி" என்று ஏழாவதைத் தொட்டார். கறுப்பு முகம். அக்கா முதன்முதலில் வாங்கியது. "ஆனா இந்தக் காதைப் பாருங்க."

பட்டை மாட்டுகிற இரண்டு காதுகளும் கீறிக் கீறிச் சொரசொரத்துப் போயிருந்தன. ஊக்குக் கீறல். பிரசவ வார்டில் கையில் எதுவும் கட்டக் கூடாது. அதனால் அக்கா பட்டையைக் கழற்றிவிட்டுக் கடிகாரத்தைத் தலைகீழாக மார்பில் ஊக்கால் குத்திக்கொள்வாள். குனிந்தால் நேராகத் தெரியும். ஊக்கு ஊக்காகக் குத்தி, முப்பத்தைந்து வருஷத்தில் விலை மொத்தமும் அந்தக் காது வழியாக ஒழுகிப் போயிருந்தது.

"நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன். பொட்டிக்குள்ள வைங்க, நாலு வருஷத்துல வீடே வாங்கலாம்னு. அப்புறம் குழந்தை பொறந்த நேரத்தை எதைப் பாத்துச் சொல்றதுன்னு கேட்டாங்க." அவர் சிரித்தார். "அப்ப எதுக்கும்மா வாங்குறீங்கன்னேன். புடிச்சிருக்குன்னு சொன்னா வீட்டுல விடமாட்டாங்க, முதலீடுன்னாத்தான் எங்க தம்பி வாயை மூடுவான்னாங்க."

அவனுக்குச் சட்டென்று முகம் சூடானது. ஒரு பொம்பளை தன் சம்பளத்தில் தனக்குப் பிடித்ததை வாங்க முப்பத்தைந்து வருஷம் பொய் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது, அதுவும் தன்னிடம்.

கடிகாரக்காரர் பின்மூடியைத் திருகித் திறந்து பூதக்கண்ணாடியை அவனிடம் நீட்டினார். வேண்டா வெறுப்பாக வாங்கிக் கண்ணில் வைத்தான். அவ்வளவுதான், இன்னும் கிட்டே குனிந்தான். பல் வைத்த சக்கரங்கள், கடுகைவிடச் சின்னத் திருகாணிகள், நடுவில் தலைமுடிபோல ஒரு சுருள்வில். அது சுருங்கி விரிய, ஒரு சக்கரம் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தது. நொடிக்கு ஐந்து முறை அடிக்கும் என்றார் அவர். அவன் மனக்கணக்குப் போட்டான். ஒரு நாளைக்கு நாலு லட்சத்துச் சொச்சம். அவன் கட்டி மேய்த்த எந்த மெஷினும் அப்படி அடித்தால் ஒரு மாசம் தாங்காது. இது முப்பத்தைந்து வருஷம்!

"இதை எது ஓட்டுது?" என்றான், தெரிந்தும்.

"சாவிதான். காலையில யார் குடுத்தாங்களோ, அவங்க பலம்."

காலையில் அக்காதான் கொடுத்தாள். எழுந்து உட்கார முடியாதவள், கண் விழித்ததும் தலையணைக்கடியிலிருந்து இதை எடுத்தாள். முப்பது சுற்று. மூன்று சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினாள். இந்த நேரத்திலுமா என்று இவன் எரிச்சலோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த விரல்களில் மிச்சமிருந்த பலம் இப்போது இங்கே, இந்த வில்லுக்குள் சுருண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்துகொண்டிருக்கிறது. அவன் கண்ணாடியை எடுக்கவே இல்லை. கடிகாரக்காரர் தோளைத் தொட்டு, நேரமாச்சு என்றார்.

பஸ்ஸில் வரும்போது முடிவு செய்துவிட்டான். சாகப் போகிறவளிடம் என்ன உண்மை வேண்டிக்கிடக்கிறது? அவள் ஜெயித்துவிட்டுப் போகட்டும்.

அக்கா விழித்துத்தான் இருந்தாள். பக்கத்தில் அவன் மனைவி ஈரத்துணியால் அவள் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"நீதான் ஜெயிச்சக்கா. பத்து மடங்கு ஏறியிருக்காம்."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தான். அக்காவின் முகம் இருண்டுவிட்டது. கை போர்வைமேல் எதையோ தேடியது.

"அப்ப வித்துருவியாடா?"

அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். "பொய்க்கா. எல்லாம் நஷ்டம். கறுப்பு முகத்தை நீயே ஊக்கால குத்திக் கெடுத்து வச்சிருக்க. ஒண்ணும் தேறாது."

"அப்பாடா" என்றாள் அக்கா. "நஷ்டம்னு நான் சொன்னா நம்பியிருக்க மாட்ட. அதான் உன்னையே அனுப்பினேன்."

பிறகு கறுப்பு முகத்தை எடுக்கச் சொன்னாள். அவன் மனைவி தன் சேலையிலிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அக்கா சொல்லச் சொல்ல, அவன் தன் சட்டைப் பையின்மேல் கடிகாரத்தைத் தலைகீழாகக் குத்திக்கொண்டான்.

"காலையில பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி முப்பது. மறந்தா நின்னுரும்."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

சாயங்காலம் வந்து நாடி பார்த்த நர்ஸ் அக்காவிடம் வேலை கற்றவள். பார்த்துவிட்டு, டாக்டரை அழைக்க ஆள் அனுப்பினாள். சுவர்க் கடிகாரத்தின் பக்கம் அவள் திரும்பவில்லை. குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "நேரம் சொல்லுங்கண்ணா" என்றாள்.

அவன் மகன் பிறந்த நாளன்று பிரசவ அறைக்கு வெளியே அவன் நின்றிருந்தான். குழந்தையின் அழுகைக்கு முன்னால் அக்காவின் குரல்தான் கேட்டது. எழுதுகிறவளுக்குக் கேட்கும்படி, எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான் கத்துவாள். "பத்து பதினேழு!"

அவன் குனிந்து பார்த்தான். முள் நேராகத் தெரிந்தது.

"அஞ்சு அம்பத்திரண்டு" என்றான். குரல் வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்டது.

மறுநாள் விடிந்தபோது வீடு முழுக்க ஆட்கள். அவன் முந்தைய நாள் சட்டையிலேயே கொல்லைப்புறம் போய்க் கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்தான். ஓடிக்கொண்டிருந்தது. சாவி கொடுக்காவிட்டால் ராத்திரிவரை இன்னும் அவளுடைய சுற்றிலேயே ஓடும். அப்புறம் நின்றுவிடும். கொடுத்துவிட்டால் எது அவள் பலம், எது இவன் பலம் என்று யாராலும் பிரிக்க முடியாது. பல் விளக்காத வாயோடு வெகுநேரம் அப்படியே நின்றான்.

"என்னங்க, வண்டி வந்துருச்சு. எல்லாரும் உங்களைத்தான் தேடுறாங்க" என்று மனைவி கதவருகில் வந்து நின்றாள். "என்ன பண்றீங்க இங்க?"

அவன் பொறு என்று ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினான். பதினெட்டு முடிந்திருந்தது. இன்னும் பன்னிரண்டு சுற்று இருந்தது.