துணி சோப்பும் பெருவிரலும்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு முகத்தைப் பார்த்து நம்பத் தெரியவில்லை. எதற்கெடுத்தாலும் விரலைக் கேட்கிறார்கள். அடைக்கலத்துக்கு இது பெரிய குறை. மலைக்கோட்டைக் கடைவீதியில் நாற்பது வருஷம் சுண்ணாம்பு அடித்த மனிதரை, ஸ்ரீரங்கத்து ரேஷன் கடையில் உள்ளங்கையளவு மெஷின் ஒன்று இந்த மாதம் இரண்டு தடவை ஆள் தெரியாமல் திருப்பி அனுப்பிவிட்டது.

இன்று மாதக் கடைசி. இன்றைக்கு வாங்காவிட்டால் இந்த மாதத்து அரிசி போனதுதான். கார்டில் இருக்கும் இன்னொரு பெயர் அவர் மனைவி மாரியாயி. அவளோ வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறாள்.

விரலில் அழுக்கு என்றுதானே சாக்குச் சொல்வார்கள்? அதற்கும் இடம் வைக்கக் கூடாதென்று, கை பொறுக்காத வெந்நீரில் துணி சோப்பைப் போட்டு, தேங்காய் நாரால் மூன்று முறை தேய்த்துவிட்டுத்தான் கிளம்பினார். முதல் தடவை கடைக்குப் போனபோது ஒரு முறை, இரண்டாம் தடவை இரண்டு முறை தேய்த்திருந்தார். தோலை உரித்துக் கொடுத்துவிட்டு வரப் போகிறீர்களா என்று மாரியாயி கட்டிலிலிருந்தே கேட்டாள். அவர் காதில் வாங்கவில்லை.

கடைக்காரப் பெண் ஜாஸ்லின் அவர் பெருவிரலை மெஷினில் வைத்து அழுத்தினாள். சிவப்பு விளக்கு. மறுபடியும் சிவப்பு.

"ஏம்மா, போன மாசம் வரைக்கும் நான் அடைக்கலமாத்தானே இருந்தேன்?"

வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தன் பங்கு அரிசியை எவனுக்கோ தள்ளிவிடத்தான் இந்த நாடகம் என்று அவருக்குள் உறுதியாகிவிட்டது.

ஜாஸ்லின் விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கோடை ஏரி மாதிரி வெளுத்து வெடித்திருந்தது. கையில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டாள். அவர் பெருமையாகவே சொன்னார். பின்னால் நின்ற நஜ்முன்னிசா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் ஒரு தோல் டாக்டரிடம் பத்து வருஷம் உதவிக்கு இருந்தவள்.

"வயசானாலே தோல் காயும்ண்ணே. சுண்ணாம்பு வேற தின்னுருக்கு. மிச்சமிருந்த பசையை வெந்நீரும் சோப்பும் உருவிடுச்சு. ரேகை எங்கேருந்து தெரியும்?"

"கோடு போட்ட சட்டையைத் துவைச்சா கோடு போயிடுதா?"

"தெனம் மூணு தடவை நாரு போட்டுத் தேய்ச்சுப் பாருங்க."

அவள் பையிலிருந்து ஒரு களிம்பை எடுத்தாள். அடைக்கலம் கையை இழுத்துக்கொண்டார். எதையாவது தடவி வேறு ஆளாக்கிவிட்டால்? ஆனால் அரிசி மூட்டைகள் கண்ணெதிரே இருந்தன. விரலை நீட்டினார். நஜ்முன்னிசா களிம்பைப் பூசிவிட்டாள். இரண்டு பேர் சாமான் வாங்கிப் போகும்வரை ஓரமாக நிற்க வைத்து, முந்தானையால் ஒற்றி எடுத்து, போய் வையுங்கள் என்றாள்.

பச்சை விளக்கு. சீட்டு வெளியே வந்தது.

அரிசியை சைக்கிளில் வைத்துக் கட்டியபோது அவருக்கு மனசு குளிர்ந்துதான் இருந்தது. மாரியாயிக்கு மத்தியானமே புது அரிசியில் கஞ்சி வைத்துவிடலாம். ஜாஸ்லின் வெளியே எட்டிப் பார்த்து, துணி சோப்பை விட்டுவிட்டு, குளித்ததும் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னாள்.

"என்னை ஓரமா நிக்க வெச்சு மெஷினை ரிப்பேர் பார்த்துட்டு, எங்கிட்ட கதை சொல்றீங்களா?" என்றார் அவர்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். பெருவிரல் மட்டும் ஹேண்டில்பாரில் படாமல் தூக்கிக்கொண்டு நின்றது. தெருமுனையில் அதை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். வெறும் வாசனை எண்ணெய். இதற்கெல்லாம் ஒரு மெஷின் மசியுமா என்று முனகிக்கொண்டே வீட்டுப் பக்கம் திரும்பினார்.