சுத்த சைவம்

விடிவதற்கு முன்பே போர்மா எரியத் தொடங்கிவிடும். சதாசிவன் விறகைத் தள்ளத் தள்ள அந்தப் பெரிய செங்கல் அடுப்பின் வாய் சிவக்கும். கொக்கோ வேகும் வாசனை அமரவிளை ரோடு வரைக்கும் போகும். ரோட்டில் போகிறவர்களுக்கு அது இனிப்பு. உள்ளே நிற்பவர்களுக்குத் தொண்டையில் படிகிற கரி. தகரத் தட்டுகளை இழுத்துக் கொட்டி, பிஸ்கட்டை உடைத்து, அரவை மெஷினில் தள்ள வேண்டும். மறுபக்கம் சாக்கில் விழுகிற கருத்த பொடிதான் திருவனந்தபுரத்தில் ஐஸ்கிரீமின் தலையில் தூவப்படுகிறது.

மெஷின் உறுமியதும் பிரேமகுமாரியின் வலதுகைச் சுட்டுவிரலும் நடுவிரலும் குறுகுறுத்தன. அந்த விரல்கள் இப்போது அவளிடம் இல்லை. ஆனாலும் தினமும் இந்த நேரத்தில் அவை எங்கோ ஓரிடத்தில் கண்விழித்தன. முதலில் சூடு. பிறகு நறநறவென்று மாவு. கடைசியில், கழுவினாலும் போகாத சர்க்கரைப் பிசுபிசுப்பு. அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

போன ஓணத்துக்கு முந்தைய அவசரத்தில் முதலாளி ரெத்தினதாஸ் மெஷினின் மூடியைக் கழற்றச் சொன்னார். மூடி இல்லாவிட்டால் வேகமாகத் தள்ளலாமாம். மூடி கழன்றது, ஒரு காலையில் விரல்களும் கழன்று பொடியோடு பொடியாகச் சாக்கில் போயின. கூட வேலை செய்த ஜெயதாஸ் தோளில் கிடந்த தன் சிவப்புக்கரைத் தோர்த்தை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை அவள் கையில் சுற்றினான். "அந்தச் சாக்க கெட்டிப் போடு, நான் குழியில தள்ளிக்கிடுதேன்" என்று முதலாளி அலறியபோது மறுபாதியால் சாக்கின் வாயைக் கட்டிவிட்டு அவளோடு ஜீப்பில் ஏறினான். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழங்களோடு வந்த முதலாளி, சாக்கைக் குழியில் புதைத்தாகிவிட்டது என்று சத்தியம் செய்தார்.

அதன்பிறகு பெண்கள் யாரும் அந்த மெஷினருகே தனியாக நிற்பதில்லை. தட்டின் பளபளப்பில் ஒரு கை தெரிகிறது என்றாள் ஒருத்தி. முதலாளி உடனே நடவடிக்கை எடுத்தார்: மெஷினுக்கு ஜெபம் நடந்தது, எண்ணெய் பூசப்பட்டது, எதற்கும் இருக்கட்டுமென்று ஒரு மந்திரவாதியும் வந்து எலுமிச்சம்பழம் அறுத்தார். மூடி மட்டும் வரவில்லை.

ரெத்தினதாஸ் துபாய் போய்வந்தவர். போனது ஒரு வாரம்; வந்ததுதான் இன்னும் முடியவில்லை. முன்பெல்லாம் உடைந்த பிஸ்கட் தொழிலாளிகளின் கட்டன்சாயாவுக்குத் துணையாக இருந்தது. உடைசலையும் விற்கலாம் என்று துபாயில் கண்டுபிடித்த நாளோடு அதுவும் நின்றது. இன்று காலை எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி பாக்கெட்டில் ஒட்டுகிற ஒரு பளபளப்பான சீட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இது பொடி இல்ல, கேட்டியளா? இதுக்குப் பேரு டாப்பிங். இதில எனர்ஜி உண்டு, புரோட்டீன் உண்டு, கால்சியம் உண்டு, இரும்பு உண்டு. ஒரு ஸ்பூன் தின்னா பிள்ளையளுக்கு அம்மாதிரி பெலனாக்கும்!"

"அப்பம் எங்களுக்கும் ரெண்டு ஸ்பூன் தாருங்க மொதலாளி. பழஞ்சி குடிச்சு பெலனே இல்ல" என்றான் சதாசிவன். போர்மாவை விடச் சூடாகச் சிரிப்பு எழுந்தது. முதலாளிக்கு அது கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கும் ஒரு படிப்பு வேண்டும்.

சீட்டு ஒட்டுகிற வேலை பிரேமகுமாரிக்கு. இடதுகையால் பசை தடவி ஒட்டினாள். ரெஜிலா கோடவுனிலிருந்து சாக்குகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து அவிழ்த்துப் பாக்கெட்டில் நிரப்பினாள். கடைசிச் சாக்கு வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பிரேமகுமாரியின் விரல்கள் சட்டென்று அடங்கின. தொலைந்துபோய் அழுத பிள்ளைகள் அம்மாவைக் கண்டதும் வாயடைத்து நிற்பது போல.

அவள் நிமிர்ந்தாள். சாக்கின் வாயில் சிவப்புக்கரைத் தோர்த்துத் துண்டு. அதில் காய்ந்த கறை.

"ஜெயதாஸண்ணே, இது ஒங்களுக்க தோர்த்தாக்குமா?"

ஜெயதாஸ் வந்து பார்த்தான். முடிச்சைத் தொட்டான். முகம் சாம்பலாகிவிட்டது. "எனக்கதுதான் மக்களே."

யாரோ மெஷினை நிறுத்தினார்கள்.

"என்ன, வாய பொளந்துட்டு நிக்கிது எல்லாரும்? ஒட்டு, ஒட்டு! வேனு வருது!" முதலாளி ஓடி வந்தார்.

"மொதலாளி, இது எனக்க வெரலு உள்ள சாக்காக்கும்."

"எடீ பிள்ளே, சத்தம் போடாத. அதை ரெண்டு தடவ அரிச்சாச்சு."

"அரிச்சப்பம் வெரலு கிட்டிச்சா?" சதாசிவன் கேட்டான்.

"கிட்டல்ல."

"அப்பம் உள்ளதான் கெடக்கு."

முதலாளி நெற்றியைத் துடைத்தார். பிரேமகுமாரி கையிலிருந்த சீட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கால்சியம்னு அச்சடிச்சிருக்கேளே, அது ஆருக்க எலும்பு? அடியில சுத்த சைவம்னும் போட்டிருக்கேளே."

"நானா எழுதினேன்? துபாய் பாக்கெட்டுல உள்ளத பாத்து அப்படியே அடிச்சதாக்கும்!" என்று கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்குப் புரிந்தது. குரலை உயர்த்தினார். "இந்த லோடு போவல்லன்னா ஓடரு போச்சு. ஒட்ட முடியாதவ வெளிய போலாம்!"

பிரேமகுமாரி பசைத் தகரத்தைக் கீழே வைத்தாள்.

"போறேன். எனக்க வெரலயும் கொண்டுதான் போறேன்."

"எங்க கொண்டு போவ?"

"கல்லறைத் தோட்டத்துக்கு. சத்தது மண்ணுக்குப் போவட்டு. ஒருத்தனுக்க வயித்துக்குள்ள போவாண்டாம்."

ரெஜிலா சாக்கின் ஒரு முனையைப் பிடித்தாள். ஜெயதாஸ் பிஸ்கட் ஆறவைக்கிற நீளப் பலகையைக் கொண்டுவந்து போட்டான். சாக்கை அதில் ஏற்றியதும் மாவு மூடுகிற வெள்ளைத் துணி மேலே விரிந்தது. சதாசிவன் போர்மாவின் முன் சற்று நின்றான். வருஷக்கணக்கில் ஒரு நாளும் எரியத் தவறாத அடுப்பு. எரிகிற விறகுகளை வெளியே இழுத்துப் போட்டுத் தண்ணீரை ஊற்றினான். புஸ்ஸென்று எழுந்த ஆவியில் முதலாளியைக் காணவில்லை. குரல் மட்டும் வந்தது.

"கேட்டத் தாண்டினவன் ஒருத்தனும் திரும்பி வராண்டாம்!"

"மூடி இல்லாத மெஷினுக்கு முன்ன இனி நாங்க நிக்கப் போறதில்ல. ஆளு வேணும்னா நீங்களே நில்லுங்க" என்றான் சதாசிவன். பலகையின் ஒரு மூலை அவன் தோளுக்கு ஏறியது.

ரோட்டில் இறங்கியபோது விடிந்திருந்தது. பாறசாலைப் பக்கமிருந்து ரயிலின் கூவல் வந்தது. பிரேமகுமாரி முன்னால் நடந்தாள்.

"போதகரு பொதைக்க விடுவாரா மைனி?" ரெஜிலா கிசுகிசுத்தாள்.

"விடல்லன்னா கேட்டுல வச்சு ஜெபிப்போம்."

"சதாசிவண்ணனுக்கு எங்க ஜெபம் தெரியும்?"

"எனக்கு மண்ணு வெட்டத் தெரியும் பிள்ளே" என்றான் சதாசிவன் பின்னாலிருந்து.

சாயாக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் வெள்ளைத் துணியைக் கண்டதும் எழுந்து, மடித்துக் கட்டிய வேட்டிகளை அவிழ்த்துத் தாழ்த்தினார்கள். பீடிகள் அணைந்தன. ஒரு கிழவர் மலையாளத்தில் மெல்லக் கேட்டார்.

"ஆரா மரிச்சது?"

பிரேமகுமாரி நின்றாள். முந்தானைக்குள்ளிருந்த கையை அன்றுதான் முதன்முதலாக வெளியே எடுத்தாள்.

"நானாக்கும். கொஞ்சம்."

கிழவர் கையைப் பார்த்தார், துணிக்கடியில் பிதுங்கிய சாக்கைப் பார்த்தார். சாக்கிலிருந்து கசிந்த கருத்த பொடி கம்பெனி வாசலிலிருந்து கோடு போட்டுக்கொண்டே வந்திருந்தது. அவர் தோர்த்தைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் சேர்ந்துகொண்டார். எதிரே செங்கல் சூளைக்குப் போன பெண்கள் நின்றார்கள், விஷயம் வாய்க்கு வாய் போனது, அவர்களும் திரும்பினார்கள். நெய்யாற்றின்கரை பஸ் ஓரமாக ஒதுங்கி நின்றது. பின்னால் முதலாளியின் கார் ஓயாமல் ஹாரன் அடித்தது. சவத்துக்கு முன்னால் எந்தக் காருக்கும் யாரும் வழி விடுவதில்லை.

போதகர் என்ன சொல்வாரோ, நாளைக்கு எவன் வீட்டில் அடுப்பு எரியுமோ, யாருக்கும் தெரியாது. ரெஜிலா கைநீட்டிப் பிரேமகுமாரியின் வலதுகையைப் பிடித்தாள், விரல்கள் இல்லாத இடத்தையும் சேர்த்து.

அந்தப் பிடியை, இல்லாத இரண்டு விரல்களும் மடங்கி இறுகப் பற்றிக்கொண்டன.